செயின் சாரும் சம்ப் மோட்டாரும்

சம்ப் வழிய வழியத் தண்ணீரை வைத்துக்கொண்டே ஒரு குடியிருப்பைத் தவிக்கவிட்ட மேதை, உலகத்திலேயே எங்கள் மாடம்பாக்கம் செயின் சார் ஒருவர்தான்.

கேளம்பாக்கத்தில் ஏதோ கம்பெனியில் பிளாக்செயின் வேலை; யாரும் தனியாகத் திருத்த முடியாத கணினிக் கணக்காம். வாயைத் திறந்தால் அதே பேச்சு. அவருக்குப் பயந்து லிஃப்டைத் தவிர்த்துப் படியேறியவர்களுக்குச் சர்க்கரை குறைந்தது.

எங்கள் ஏ, பி, சி மூன்று பிளாக்குக்கும் தரைக்கடியில் ஒரே சம்ப், தண்ணீரை மேலே ஏற்ற ஒரே மோட்டார். சுவிட்ச் சங்கச் செயலாளர் கையில். அவர் சி பிளாக் என்பதால் சி பிளாக் தொட்டி மட்டும் நிறைந்தது. பி பிளாக் மூன்றாவது மாடியில் நாங்கள் காய்ந்தோம். நியாயம் கேட்கப் புறப்பட்டார் செயின் சார்.

"பிளாக்குக்கு ஒரு சைல்டு செயின். யாருக்கு எப்போ தண்ணின்னு எல்லாம் அதுல இருக்கும். மேல ஒரே ஒரு பேரன்ட் செயின். அதுக்கு உங்க பாத்ரூம் கதையெல்லாம் வேண்டாம் சார். சைல்டு கணக்கை மூட்டை கட்டி அனுப்பும், பேரன்ட் சரிபார்த்து முத்திரை குத்தும். அப்பதான் மோட்டார் ஓடும்."

"முத்திரையை யார் குத்துவாங்க?" என்றேன்.

"பிளாக்குக்கு ஒரு லேப்டாப். மூணுல ரெண்டு லேப்டாப்பாவது ஒத்துக்கணும். செயலாளர் நெனச்சாலும் ஏமாத்த முடியாது. ஏன், நானே நெனச்சாலும் முடியாது!"

கைதட்டினோம். அந்த ஜோரில் சுவிட்சையும் கழற்றிவிட்டார்.

மே மாதம் என் மகளுக்கு வளைகாப்பு. வீடு நிறையச் சொந்தக்காரர்கள். சமையல்காரர் அரிசி களையக் குழாயைத் திறந்தால் ஒரு சொட்டு இல்லை. கீழே ஓடினேன். செயின் சார் சம்ப் பக்கத்தில் லேப்டாப்பும் கையுமாக நின்றார்.

"உங்க ரெக்வெஸ்ட் சைல்டு செயின்ல பக்காவா இருக்கு சார். பேரன்ட்தான் கன்ஃபர்ம் பண்ணல."

ஏ, சி பிளாக் லேப்டாப்காரர்கள் இருவரும் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். போகும்போது, பொறுப்பான குடும்பஸ்தர்கள் அல்லவா, வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போயிருந்தார்கள்; லேப்டாப் இரண்டும் அணைந்து கிடந்தன.

சம்ப்பில் தண்ணீர் இறக்க வந்திருந்த தண்ணி லாரி டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். "சம்ப்பு ரொம்பி வயிஞ்சுகினு கீது. வூட்ல தண்ணி இல்லன்றீங்க. இன்னா சார் பேஜாரு இது?"

"ஒயரை நேரா குடுத்து மோட்டாரைப் போடுங்க!" என்று கத்தினேன்.

"இன்னிக்கு நான் குறுக்குவழியில போட்டா நாளைக்குச் செயலாளரும் போடுவார். அப்புறம் மூணாவது மாடிக்கு என்னிக்குமே தண்ணி வராது சார்."

கொள்கையாம், கொள்கை! மேலே சம்பந்தி வீட்டார் கை கழுவக் காத்திருக்கிறார்கள். அந்த நிமிஷம் அவர் கழுத்தை நெரித்திருப்பேன்.

அவர் லேப்டாப்பை மூடினார். பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு தன் தரைத்தள வீட்டுக்குள் போய், குழாயில் குடத்தைப் பிடித்தார். லிஃப்ட் முழுக்க விருந்தாளிகள். குடத்தைத் தோளில் வைத்துப் படியேறினார். பந்தி முடிகிறவரை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால், "பேரன்ட் கன்ஃபர்ம் ஆகட்டும் சார்" என்றார்.

அடுத்த கூட்டத்தில் அவருடைய செயினைத் தூக்கினோம். சுவிட்ச் மறுபடி செயலாளர் கைக்கே போனது. செயின் சார் வீட்டைக் காலி செய்துகொண்டு குரோம்பேட்டைக்குப் போய்விட்டார்.

அவர் சாமான் ஏற்றிய அன்றுதான் எனக்கு உறைத்தது. அவர் வீட்டுக்குத் தனி போர்வெல். அங்கே தண்ணீர் நின்றதே இல்லை. அத்தனை பாடும் எங்களுக்காகத்தான் பட்டிருக்கிறார், பைத்தியக்கார மனுஷன்.