வரவேற்புரையில் விழுந்தது

"இந்தக் கடல்ல இருந்து ஒரு கிளிஞ்சலைக்கூட யாரும் எடுக்கக் கூடாது!" என்று தலைவர் வரவேற்புரையில் அடித்துச் சொன்ன வேகத்தில், அவருடைய மேல்வரிசைப் பல் செட்டு கழன்று தண்ணீருக்குள் போய்விட்டது.

நல்லவேளை, படகிலிருந்த சுற்றுலாக்காரர்கள் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தீவுக்காரர்களே கமிட்டி போட்டு, காவல் வைத்து நடத்தும் கடல் சரணாலயம் அது. போன மாதம் ஒரே ஒரு சங்கை எடுத்ததற்காகச் சொந்த மச்சானையே சபையில் நிற்க வைத்துக் கிழி கிழியென்று கிழித்தவர் தலைவர். அடியில் விழும் குப்பையை எடுக்க டைவிங் டீச்சருக்கு மட்டும்தான் அனுமதி. அவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் என்னவென்று சொல்வது? கட்டிய மனைவிக்கே தெரியாத சங்கதி அது.

வீட்டுக்குப் போனார்.

"என்னங்க, வாயில துண்டு?"

"பல்வலி."

மனைவி அதோடு விட்டிருக்கலாம். விடுதிக்கு ஓடி, டைவிங் வந்திருந்த ஒரு பல் டாக்டரைக் கையோடு கூட்டிவந்துவிட்டாள்.

"ஆ காட்டுங்க சார்" என்றார் டாக்டர்.

சார் பின்வாசல் வழியாக ஓட்டம் பிடித்தார். நேராகக் கடல்தான். பல் விழுந்த இடத்துக்கு நீந்திப்போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி முங்கித் தேடினார். நாலாவது முறை தலையைத் தூக்கியபோது விசில் சத்தம் கேட்டது.

"யாருய்யா அது, சரணாலயத்துக்குள்ள?" காவல்காரர் படகை நெருக்கிக்கொண்டு வந்தார். "அட, தலைவரா! இங்க என்ன தேடுறீங்க?"

பல்லை என்றா சொல்ல முடியும்? சட்டென்று முங்கி, கையில் அகப்பட்ட ஒரு சங்கை எடுத்துக் காட்டினார். அந்த நேரத்துக்கு அதுதான் கௌரவமாகத் தோன்றியது.

சாயங்காலமே சபை கூடிவிட்டது.

"நான் எடுத்தா திருட்டு. இவர் எடுத்தா என்னவாம்? வாயைத் திறந்து பதில் சொல்லச் சொல்லுங்க!" என்று மச்சான் குதித்தான்.

வாயைத் திறப்பது ஒன்றைத்தான் அவரால் செய்ய முடியாது. மனைவி முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளை இப்படி உட்கார வைத்துவிட்டோமே என்று அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. பூமி பிளந்தால் அப்படியே உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

துணைத்தலைவர் அவர் பக்கமே திரும்பவில்லை. பொருளாளரோ, 'பதவியைப் பறிக்கணும்' என்று ஒரு தாளில் எழுதித்தான் காட்டினார். தன்னிடம் வாய்விட்டுப் பேசக்கூட அவருக்குப் பிடிக்கவில்லை போலும் என்று தலைவர் இன்னும் குறுகிப்போனார்.

"சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க" என்றான் மச்சான்.

அப்போது டைவிங் டீச்சர் ஈரத்தோடு உள்ளே வந்து, வலைப்பையை மேஜைமேல் கவிழ்த்தாள்.

"ஒரு நிமிஷம். குப்பை எடுக்கப் போன இடத்துல மூணு பல் செட்டு கிடைச்சுது. முறை வெச்சு வரவேற்புரை குடுக்கிற பெரியவங்க, அவங்கவங்களோடதைப் பார்த்து எடுத்துக்குங்க."