முட்டை மிதந்த வீடுகள்

மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய குடியிருப்பில் நான்கு நாளாக ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. வீட்டுக்கு ஒருவர் பாயில். மீதிப் பேர் ஆஸ்பத்திரியில் இருப்பார்கள் என்று நினைத்தால் நீங்கள் நம் சனத்தை அறியாதவர். எல்லாரும் மாரியம்மன் கோயில் வாசலில் இருந்தார்கள். அங்கே சக்கரபாணி சாமி வந்து உட்கார்ந்திருந்தார். கீழ்புத்துப்பட்டிலிருந்துகூட ஷேர் ஆட்டோ பிடித்து வந்தார்கள்.

சாமியின் மகிமை இதுதான். வீட்டுத் தண்ணீரை ஒரு சொம்பில் கொண்டுபோக வேண்டும். சாமி அதில் விபூதியை அள்ளிப் போட்டு, வேப்பங்குச்சியால் கலக்கி, ஒரு முட்டையை இறக்குவார். முழுகினால் வீடு சுத்தம். மிதந்தால் அம்மன் குற்றம். குற்றம் தீர ஒரு நாட்டுக்கோழி. பிராய்லர் கோழியை அம்மன் தொடமாட்டாளாம். எந்த வீட்டு வாசலில் நாட்டுக்கோழி மேய்கிறதோ, அந்த வீட்டுச் சொம்பில்தான் முட்டை மிதந்தது. யாரும் கவனிக்கவில்லை. பக்தி முற்றினால் கண் கொஞ்சம் மங்கும்.

இது போதாதென்று சாமியின் கட்டளை வேறு. "மூணு நாளைக்கு சீக்குக்காரங்க வாயில தண்ணி படக்கூடாது. ஆஸ்பத்திரி கூடாது. அவங்க பேரை எந்த நோட்டுல எழுதறாங்களோ, அந்த நோட்டை எமன் படிப்பான்."

சுப்ராயன் இருபத்தைந்து வருஷமாக உப்பு வாருகிறவன். அவன் சொம்பிலும் முட்டை மிதந்தது. கோழியைக் கொடுத்தான். மனைவி சரஸ்வதி தண்ணீர் தண்ணீர் என்று கேட்கக் கேட்க, கொடுக்காமல் கதவைச் சாத்தினான்.

மறுநாள் காலையில் சுகாதார ஆய்வாளர் ஜெயசீலன் பைக்கில் வந்து இறங்கினார். யாருக்கு வயிற்றுப்போக்கு, எப்போது ஆரம்பித்தது, எந்தக் குழாய்த் தண்ணீர் என்று வீடு வீடாகக் கேட்டார்.

"எங்க வூட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்லீங்க சார்" என்றாள் பக்கத்து வீட்டு மங்கம்மா. சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

"அப்ப பொதுக் கக்கூஸ் முன்னாடி நிக்கிற க்யூ என்னம்மா, ரேஷனா?"

அவர் கையிலிருந்த தாளில் ஒரு பெயரும் ஏறவில்லை. தாளில் பெயர் இல்லாவிட்டால் மேலே போகிற அறிக்கையில் பூஜ்யம். பூஜ்யம் என்றால் டாக்டர் வரமாட்டார், மருந்து வராது, குழாயைத் தோண்டிப் பார்க்க ஆள் வராது. எமனுக்கு இதைவிட வசதி வேண்டுமா?

சுப்ராயன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் முனகல் கேட்டது. ஜெயசீலன் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். சரஸ்வதியின் கண்கள் குழி விழுந்திருந்தன. கைத்தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளின தோல் கிள்ளினபடியே நின்றது.

"ஒண்ணுக்கு எப்பப் போனாங்க?"

"நேத்து மத்தியானம் சார்" என்றான் சுப்ராயன்.

"யோவ், உடம்புல தண்ணியே இல்ல. இன்னிக்குப் பொழுது தாங்காது. 108க்குப் போன் பண்றேன், ஏத்திடு."

"நோட்டுல பேரு எழுதினா எமன் படிப்பான்னு சாமி..."

"எமனுக்கு நாங்க நோட்டைக் காப்பி எடுத்து அனுப்பறதில்லப்பா" என்றவர், பையிலிருந்த உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்துத் தன் பாட்டில் தண்ணீரில் கரைத்து அவள் வாயில் ஊட்ட ஆரம்பித்தார்.

சுப்ராயன் குழாய்த் தண்ணீரைச் சொம்பில் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினான். சாமி உத்தரவு இல்லாமல் பெண்டாட்டி பிழைத்துவிட்டால் குற்றமாகிவிடுமே!

"சாமி, அவளுக்கு ரொம்ப முடியல. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவட்டா?"

சாமி மூன்று பிடி விபூதி போட்டுக் கலக்கினார். முட்டை மிதந்தது. "இட்டுனு போனா பொணமாத்தான் வருவா."

சுப்ராயனின் கண் முட்டையைவிட்டு நகரவில்லை. அதன் மண்டை தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்த்தது. உப்பளத்தில் மேஸ்திரி, தண்ணீரில் உப்பு எத்தனை டிகிரி என்று பார்க்கும் கண்ணாடிக் குழலைப் பாத்தியில் இறக்குவார். உப்பு ஏற ஏறக் குழல் மேலே எழும்பும். இந்த முட்டையும் அப்படியேதான் எழும்பி நின்றது.

சொம்பில் விரலை விட்டு நக்கினான்.

"டேய், தீர்த்தத்தை எச்சில் பண்றியா!"

"ஏம்பா, எல்லாரும் வாங்கப்பா!" சுப்ராயன் சனத்தைப் பார்த்துக் கத்தினான். "என் வூட்டுக் குழாய்த் தண்ணி பன்னண்டு டிகிரி உப்பு ஏறிக் கெடக்குது! நக்கிப் பாருங்க!"

சாமியின் இடுப்பில் இரண்டு பைகள். சுப்ராயன் இரண்டையும் பிடுங்கிக் கொட்டினான். ஒன்றில் சாம்பல். இன்னொன்றில் சாம்பல் கலந்த பொடியுப்பு. சனம் வரிசையில் நின்று நக்கிப் பார்த்தது. ஊருக்கெல்லாம் உப்பு வாரிக் கொடுக்கிறவர்கள்! அவர்கள் வாரிய உப்பை அவர்கள் சொம்பிலேயே போட்டு, அவர்களுக்கே தெய்வம் காட்டியிருக்கிறார் சாமி. நாக்கை நீட்டிப் பார்க்க நான்கு நாள் ஆயிற்று.

"எல்லாம் அம்மன் சோதனை" என்றார் சாமி.

"தீர்த்தந்தானே? சொம்பு மொத்தமும் குடிங்க சாமி" என்று சுப்ராயன் சொம்பை நீட்டினான்.

சாமி வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

"குடிய்யா! என் கோழி உள்ள போச்சில்ல, இது போவாதா?" என்றாள் மங்கம்மா.

சாமி எழுந்து ஓடினார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி பஸ்ஸுக்குக் கை காட்டினவரைச் சனம் பிடித்துப் போலீசில் ஒப்படைத்தது.

சுப்ராயன் வீட்டுக்கு ஓடி, வந்து நின்ற ஆம்புலன்சில் சரஸ்வதியைத் தூக்கி ஏற்றினான். முதல் பெயராக அவள் பெயரைத்தான் எழுதச் சொன்னான். பிறகு முப்பது பெயர்கள் தாமாக வந்தன. ஜெயசீலன் தெருப் படம் வரைந்து, நோய் வந்த வீடுகளுக்கு வட்டம் போட்டார். எல்லாம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த வீடுகள். கைபம்பு அடித்த வீடுகளில் ஒருவருக்கும் நோயில்லை. தோண்டினால், சாக்கடைக்குள் உடைந்து கிடந்தது குழாய். அன்று சாயங்காலமே அறிக்கை போனது. மறுநாள் டாக்டர்கள் வந்தார்கள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சரஸ்வதி எழுந்து உட்கார்ந்து, "அம்மன்தான் காப்பாத்தினா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

"கும்பிடு, வேணாங்கல" என்றான் சுப்ராயன். "ஆனா தலையைக் குனியறதுக்கு முன்னாடி, அதை யோசிக்கறதுக்கும் ஒரு தடவ யூஸ் பண்ணு. தண்ணியக் காய்ச்சி வச்சிட்டுக் கும்பிடு."