கொரிய மொழி படித்த பிள்ளையால் சம்பந்தம் குழம்பிய விபரம்

பேசாலை,
ஞாயிறு, பூசை முடிந்த கையோடு.

அன்பும் மரியாதையும் நிறைந்த மதலேனா அக்காவுக்கு,

தம்பி யாகப்பர் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நாங்கள் சுகம். நறுவிலிக்குளத்தில் நீங்களும் அத்தானும் வயலும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம். போனில் சொன்னால் மகள் மதுஷிகாவுக்குக் கேட்கும் என்பதால்தான் இந்தக் கடிதம். நானாட்டானில் நீங்கள் பார்த்துத் தந்த மில்ரன் தம்பியின் சம்பந்தம் குழம்பியதைப் பற்றி அவருடைய தாய் அன்ரோனெற் உங்களிடம் ஒரு கதை சொல்லியிருப்பார். உள்ளதை நான் எழுதுகிறேன். வாசித்துவிட்டு எப்படியாவது அதைத் திரும்பப் பேசித் தாருங்கள். இல்லாவிட்டால் பிள்ளை கடைசி வருடப் படிப்புக்கென்று வருகிற மாதம் கொரியாவுக்கே போய்விடுவாள்.

அவள் பல்கலைக்கழகத்தில் கொரிய மொழி எடுத்த நாளே ஊர் முடிவு கட்டிவிட்டது. "கொரியாவில எந்த பக்டரிக்கு வேலைக்குப் போறா?" என்று கேட்டார்கள். பட்டப்படிப்பு என்றேன். "பட்டம் எடுத்தோ பக்டரிக்குப் போறது?" என்றார்கள். முதல் வருடம் வட்டமும் கோடுமாக எழுதிப் பழகி, "அப்பா, எனக்கு ஏலாது, விட்டிட்டு வாறன்" என்று போனில் அழுதாள். நான்தான், "காசு கட்டியாச்சு, இருந்து படி" என்று அதட்டினேன். இப்போது அந்த வாயைத்தான் நொந்துகொள்கிறேன். இரண்டாம் வருட லீவில் வந்தபோது எருக்கலம்பிட்டி ஜவாஹிர் நானா, தான் வாங்கிய பழைய கொரியா ஐஸ் மெசினில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுப் படம் கொண்டுவந்தார். பிள்ளை அகராதியோடு பின்னேரம் முழுக்க மல்லுக்கட்டி, "உள்ளே கை விட வேண்டாம்" என்று வாசித்தாள். அவர் விரலில் கட்டோடுதான் வந்திருந்தார். அடுத்த நாள் தன் வான் வண்டியில் இருந்த ஜப்பான் எழுத்தையும் படம் எடுத்துக்கொண்டு வந்தார். அது வேறு மொழி என்றால், "பக்கத்து நாடுதானே மகள், ஒருக்கா முயற்சி செஞ்சு பாருங்கோ" என்கிறார்.

மூன்றாம் வருடம் மொழியோடு மரியாதையும் படிப்பித்தார்களாம். அங்கே ஒருவரைக் கண்டால் முதலில் வயதை அறிய வேண்டும், அப்போதுதான் எவ்வளவு பணிவாகப் பேசுவது என்று தெரியும். மகள் அதைக் கடற்கரையில் எங்கள் மீன்வாடியில் எல்லோரிடமும் கேட்டுப் பழகினாள். நானும் படிப்புத்தானே என்று விட்டுவிட்டேன். சம்பந்தம் பேச வந்த அன்று இரண்டு கையாலும் தேத்தண்ணி கொடுத்து, இடுப்பு வளையக் குனிந்து நின்றாள். அன்ரோனெற் உருகிப்போய், "இந்தக் காலத்தில இப்படியும் ஒரு பிள்ளையோ!" என்றார். அதோடு எல்லோரும் எழும்பியிருக்கலாம். மகள் மெல்ல, "உங்களுக்கு எத்தினை வயசு அம்மா?" என்று கேட்டாள். என் மனுசி, உங்கள் மச்சாள், குசினிக்குள் ஓடிவிட்டாள். அன்ரோனெற் சேலையைச் சரிசெய்து, "நாப்பத்தெட்டு" என்றார். மில்ரன் தம்பி சூதுவாது தெரியாத பிள்ளை. "என்னம்மா, பெரியண்ணைக்கே நாப்பதெல்லோ?" என்றார். மகள் மனதுக்குள் கணக்குப் பார்த்து, "அப்ப எங்கட அப்பாவை விட மூத்தவா நீங்கள், இவ்வளவு குனிஞ்சது காணாது" என்று சொல்லி இன்னும் கீழே குனிந்தாள். குனிந்தவள் நிமிர்ந்தபோது அன்ரோனெற் இருந்த கதிரை காலியாக இருந்தது.

அக்கா, பிள்ளை மரியாதைக்குத்தான் கேட்டாள். அதை அந்த மனுசிக்கு விளங்கப்படுத்துங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. கடலில் எந்தக் காற்றுக்கும் நான் பயந்ததில்லை, ஆனால் என் பிள்ளை ஒருவரையும் தெரியாத தேசத்தில் தனிய இருந்து சாப்பிடுவாள் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. நானாட்டான் என்றால் நினைத்தவுடன் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கலாம்.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டிலும் வயலிலும் தேவ ஆசீர் குறைவில்லாமல் நிற்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லைத் தட்டாத தம்பி,
யாகப்பர்

பி.கு.: கடிதத்தை மடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். மகள் அறையில் கொரியாவில் இருக்கும் ஆசிரியையோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. இவள் ஏதோ சொல்ல, அந்த மனுசி விழுந்து விழுந்து சிரித்தார். இன்னொன்று சொன்னாள், திரும்பவும் சிரிப்பு. என் பிள்ளை அவர்களுடைய பாஷையில் பகிடி விடுகிறாள், அக்கா! கதவடியில் நின்று அழுதுவிட்டேன். இப்படிச் சிரிக்க வைக்கிறவளை அங்கே யார் தனிய விடப்போகிறார்கள்? நீங்கள் நானாட்டானுக்குப் பேசப் போக வேண்டாம். பிள்ளையை ஏற்றிவிடக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் பிடிக்கிறேன், நீங்களும் அத்தானும் கட்டாயம் வாருங்கள். திரும்பி வரும்போது என்னோடு கதைத்துக்கொண்டு வர ஆள் வேண்டும்.