பாதிக் காடு

பாதிக் காட்டை வைத்துப் பால் சட்டியின் அடியைத் தேய்த்து முடித்த பிறகுதான், கையில் இருப்பது காடு என்று அவளுக்குத் தெரிந்தது.

ஸ்க்ரப்பர் என்றுதான் எடுத்தாள். பச்சை நிறம், சொரசொரப்பு, இருந்த இடமும் தொட்டியின் ஓரம். ஆனால் எந்த ஸ்க்ரப்பரும் கட்டைவிரலில் குத்தாது. குத்தியது அடிமரம், அதாவது பல்குத்தும் குச்சி. திரும்பிப் பார்த்தால், தேய்படாத மீதி மரங்கள் பசை காய்வதற்காக ஒரு தட்டில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

பகலெல்லாம் கண்ணாடிக் கடையில் பிறர் கண்ணைச் சோதிக்கும் அவள் கணவர், மாலையானால் விரல் நீளச் சிப்பாய்களுக்கு உலகம் படைப்பவர். தெர்மாகோலில் மலை, மரத்தூளில் சாயமேற்றிய புல், கண்ணாடி மாதிரி உறைகிற பசையில் ஆறு. அந்த மேசை உலகத்தில் அவரும் நண்பர்களும் சிப்பாய்களை நிறுத்தி, டேப் பிடித்து அளந்து, பகடை உருட்டிப் போர் நடத்துவார்கள். அன்று மாலை மண்டபத்தில் போட்டி. நல்ல போர்க்களத்துக்கென்று தனிப் பரிசும் உண்டு. உள்ளறை மேசையில் மலையும் ஆறுமாக ஒரு போர்க்களம் இந்தக் காட்டுக்காகக் காத்திருந்தது.

போன வருடம் ஒரு முழு ஊரை அவள் பழைய அட்டைப்பெட்டி என்று குப்பை வண்டியில் போட்டுவிட்டாள். அவர் கத்தியிருந்தால் இவளும் பதிலுக்குக் கத்தி விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். அவரோ, "பரவாயில்லம்மா, அது ஒண்ணும் பெரிய ஊர் இல்ல" என்றார். அந்தப் பரவாயில்லை இன்னும் அவளுக்குள் முள்ளாகக் கிடந்தது. முன்பெல்லாம் ஒரு குடிசைக்குக் கூரை வேய்ந்தாலும் அவளைக் கூப்பிட்டுக் காட்டுவார். இப்போது கூப்பிடுவதில்லை. மாலையில் பாதி நாள் மருந்துக்கடைக்காரர் வீட்டுக்குப் போய்விடுகிறார். கேட்டால், விளையாட்டு விதி பேசுகிறார்களாம். இன்னொரு பரவாயில்லையைத் தாங்க அவளிடம் தெம்பில்லை.

போன் போட்டாள்.

"என்னங்க, சிங்க் பக்கத்துல..."

"காடா? இருக்கட்டும்மா."

"இல்லங்க, நான் அதை எடுத்து..."

"சரி சரி. நீ டென்ஷன் ஆகாதே. இங்க கொஞ்சம் வேலையா இருக்கேன்."

வைத்துவிட்டார். என்ன பொறுமை! அடுத்த போன் தங்கைக்கு. தங்கை கேக் செய்து விற்பவள். அவளைப் பொறுத்தவரை உலகில் க்ரீம் பூசி மறைக்க முடியாத தப்பே கிடையாது.

"அக்கா, புது ஸ்க்ரப்பர் இருக்கா?"

"இருக்கு."

"பிச்சு குச்சியில சொருகு. பச்சை ஸ்ப்ரே அடி. யாருக்குத் தெரியப் போவுது?"

கேட் கம்பிக்கு அடித்த ஸ்ப்ரே மிச்சம் இருந்தது. நிறம் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டாமா? மரங்களை மலையருகே பிடித்துக்கொண்டு அடித்தாள். மரங்கள் அழகாகத்தான் வந்தன. மலைதான் 'உஸ்' என்று பெருமூச்சு விட்டுத் தனக்குள்ளேயே இறங்கத் தொடங்கியது. ஸ்ப்ரே பட்ட தெர்மாகோல் கரையும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? அவள் வாயைப் பிளந்து நிற்கும்போதே உச்சி இருந்த இடத்தில் ஒரு குழி. குக்கர் வைக்கலாம் போல.

"அடியே, மலை உருகுதுடி!"

"மலை எப்படி உருகும்?"

"எனக்கென்ன தெரியும்? இந்த வீட்டு மலை உருகுது!"

"பதறாதே. சுவருக்குப் பூசற பட்டி இருக்குமில்ல? குழியை ரொப்பி, ஹேர் டிரையர் காட்டு. நான் கேக்குக்கு அப்படித்தான் பண்ணுவேன்."

பட்டி பூசினாள். மலை நிமிர்ந்தது, வழுக்கைத் தலை மாதிரி வெள்ளையாக இருந்தாலும் நிமிர்ந்தது. ஹேர் டிரையரைப் போட்டாள். மலையடிவாரத்துப் புல்வெளி அப்படியே எழுந்து, மேசையைக் கடந்து, ஓரத்தில் இன்னும் முழுதாக உறையாத ஆற்றில் போய் விழுந்தது. ஆறு மேய்ச்சல் நிலமாயிற்று. மேய்ச்சல் நிலம் மொட்டைக் காடாயிற்று.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்த மலையின் மேல் தனக்குக் கொஞ்சம் பொறாமை இருந்ததோ என்று அப்போதுதான் தோன்றியது. போன வாரம் கதவிடுக்கு வழியாகப் பார்த்தபோது அவர் மலையைத் தட்டிக்கொடுத்து, "நல்லா வந்திருக்கேடா" என்று கொஞ்சிக்கொண்டிருந்தார். அவளுடைய புதுப் புடவையைப் பார்த்து இரண்டு வார்த்தை சொல்ல அவருக்கு நேரமிருந்ததில்லை. ஆனாலும் சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை. தன் கைதான் செய்தது, மனசு செய்யவில்லை. இதை யாரிடம் போய் நிரூபிப்பது?

"அக்கா, லைன்ல இருக்கியா? ஒரே வழிதான். பனி பெய்ய வெச்சுடு."

"என்னது?"

"ஐசிங் சர்க்கரை. போன தடவை வந்தப்ப உங்க வீட்ல வெச்சுட்டு வந்தேனே. சல்லடையில சலிச்சு மேல தூவு. மலை, ஆறு, காடு எல்லாம் மறைஞ்சுடும். குளிர்காலப் போர்னு சொல்லிக்கலாம்."

தூவினாள். உண்மையிலேயே அழகாக இருந்தது. மலைக்குக்கூட ஒரு கம்பீரம் வந்துவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது, மேசைக்காலில் ஒரு கறுப்புக்கோடு ஏறிக்கொண்டிருந்தது. முன்னால் வந்தவை உச்சியைப் பிடித்துவிட்டன. பின்னால் வந்தவை ஆற்றைக் கடந்துகொண்டிருந்தன. அந்தப் போர்க்களத்தில் ஒழுங்காக அணிவகுத்து வந்த முதல் படை எறும்புப் படைதான்.

அழைப்பு மணி அடித்தது.

மருந்துக்கடைக்காரர் நின்றிருந்தார். "அண்ணி, பகடைப் பெட்டியை அண்ணன் மறந்துட்டாராம். எடுத்துட்டு வரச் சொன்னார்."

அவள் கதவை மறித்து நின்றாள். "தம்பி, நீங்கதான் அவர்கிட்ட எப்படியாவது சொல்லணும். மேசை போச்சு."

"எந்த மேசை?"

"எந்த மேசையா? உள்ள வந்து பாருங்க!"

அவர் வந்து பார்த்தார். உருகிய மலையை, மேய்ச்சல் ஆற்றை, சர்க்கரைப் பனியை, அதன்மேல் வெற்றிநடை போடும் எறும்புகளை. வாயைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது.

"சிரிக்காதீங்க தம்பி. காலையிலேர்ந்து நான் படாத பாடு பட்டேன். இனி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவர் முன்னாடி நிப்பேன்?" அவள் குரல் உடைந்தது. "போட்டி வேற இன்னிக்கு!"

"ஐயோ, அழாதீங்க அண்ணி. போட்டி மேசை எங்க வீட்டு மாடியிலதான் தயாராச்சு, அண்ணன் இப்ப மண்டபத்துல அதுக்குத்தான் பெயிண்ட் தொட்டுட்டிருக்கார்; இது, பாவம் அவ கை சும்மா இருக்காதுன்னு, நீங்க சுத்தம் பண்றதுக்குன்னே அவர் பார்த்துப் பார்த்துச் செஞ்சு வெச்சது!"