அறுபது பொட்டலம் கிருமி

வசந்தா பொடியைக் கொதிக்கக் கொதிக்க இருந்த பாலில் கலக்குவதை மூன்றாம் நாள்தான் கஜபதி பார்த்தார்.

"என்ன பண்ற? சூடான பால்லயா கலக்குற?"

"பின்ன, பச்சைப் பாலையா குடுக்கச் சொல்றீங்க?"

"அதுல இருக்கிறது உயிருள்ள கிருமி. சுட்டா செத்துடும்!"

ஆறு வயது மகள் தாட்சாயிணி டம்ளரைக் கீழே வைத்தாள். "உயிரோட பூச்சியா?" என்று கேட்டவள், அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை.

ஆவடி தொழிற்சாலையில் உதிரி பாகங்களின் அளவைச் சரிபார்ப்பது கஜபதியின் வேலை. முடியளவு பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவார். ஆனால் மகளின் கை கால் மடிப்புகளில் மூன்று வருஷமாக இருந்த சொறி அவர் கட்டுப்பாட்டுக்கு வரவில்லை. முட்டை சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடித்துப்போகும். பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கூட இடம் மாறிவிட்டாள்.

அந்த 1998 கோடையில் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இதைப் பற்றி ஆராய்ச்சி நடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார்.

"உடம்புக்குள்ள ஒரு காவல் படை இருக்கு சார்," என்றார் டாக்டர். "நல்ல கிருமிகளோட அதுக்குப் பழக்கம் போதலைன்னா, யார் எதிரி, யார் விருந்தாளின்னு தெரியாமப் போகுதோன்னு ஒரு சந்தேகம். முட்டையோடகூட சண்டை போடுது. தயிர்ல இருக்கிற மாதிரி கிருமியைக் குடுத்தா அரிப்பு குறையலாம்."

டாக்டர் மேலும் பத்து நிமிஷம் விளக்கினார். 'அரிப்பு குறையலாம்' என்பதற்குப் பிறகு கஜபதியின் காதில் எதுவும் ஏறவில்லை. கையெழுத்துப் போட்டு, அறுபது பொட்டலங்களை வாங்கிக்கொண்டு வந்தார். தினம் ஒன்று, குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும்.

வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. மண்பானைத் தண்ணீருக்குள் டப்பாவை இறக்கி வைத்ததில் நான்கு பொட்டலங்கள் கூழாகிவிட்டன. மீதியை எதிர்வீட்டு நாகவல்லியின் ஃபிரிட்ஜில் வைத்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், டப்பாவின் மேல் 'உயிருள்ள கிருமி' என்று எழுதி ஒட்டியும் விட்டார்.

மாலையில் நாகவல்லி டப்பாவைக் கை எட்டிய தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னாண்ணே இது! மீன் கொயம்பு பக்கத்துல கிருமிய வெச்சிகினு! எங்க ஊட்டுல பசங்க கீதுங்க!"

"நல்ல கிருமிம்மா. இங்க பாரு." ஒரு பொட்டலத்தைப் பிரித்து வாயில் கொட்டிக்கொண்டார் கஜபதி.

அவர் சாகவில்லை என்று தெரிந்ததும் நாகவல்லியின் கணவன் வேம்புலி முன்னால் வந்தான். "அண்ணாத்தே, எனுக்கும் ஒண்ணு குடேன். ஒரு வாரமா வவுறு சரியில்ல."

மறுநாளே வேம்புலிக்கு வயிறு சரியாகிவிட்டது. சேதி குவார்ட்டர்ஸ் முழுக்கப் பரவியது. முழங்கால் வலி, தலைவலி, பரீட்சை பயம் எல்லாவற்றுக்கும் ஆட்கள் நாகவல்லி வீட்டுக்கு வந்தார்கள். கஜபதி பகல் ஷிஃப்டில் இருந்தபோது, இரக்க குணமுள்ள நாகவல்லி யாரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை.

கஜபதி எண்ணிப் பார்த்தார். முப்பத்தைந்து நாளைக்கு இருபது பொட்டலம்தான் இருந்தது.

"ஏங்க, தயிர்க் கிருமிதானே?" என்றாள் வசந்தா. "ஒரு பொட்டலத்தைப் பால்ல உறை ஊத்தினா பெருகிடாது?"

என்ன யோசனை! அன்று மாலையே ஆறிய பாலில் ஒன்றைக் கலந்து மூடி வைத்தார்கள். காலையில் திறந்தபோது பால் பாலாகவே இருந்தது. இன்னொரு பொட்டலத்தைப் போட்டுச் சாயங்காலம்வரை காத்திருந்தார்கள். கெட்ட வாடை வந்தது. தயிர் வரவில்லை.

கஜபதிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. முந்தின வாரம் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை. "வசந்தா, எல்லாம் செத்துப்போச்சு," என்றார்.

டாக்டரிடம் சொன்னால் திட்டி அனுப்பிவிடுவாரோ என்று பயம். செத்த கிருமியையே அரையரைப் பொட்டலமாக, கதை சொல்லிக் கதை சொல்லி மகளுக்குக் கொடுத்துவந்தார்.

ஆனால் வினோதம் என்னவென்றால், தாட்சாயிணி சொறிவதை நிறுத்திக்கொண்டிருந்தாள். கஜபதி தினமும் அளவுகோலை வைத்துத் தடிப்பை அளந்தார். நான்கு சென்டிமீட்டர் மூன்றானது, மூன்று ஒன்றானது. பள்ளியில் அந்தப் பெண் பழைய இடத்துக்கே திரும்பி வந்து உட்கார்ந்தாள். செத்த கிருமி எப்படி வேலை செய்யும்? மூன்று ஷிஃப்டிலும் யோசித்தார்.

அறுபதாம் நாள் டாக்டர் தாட்சாயிணியின் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிரமாதம்! ரொம்ப நல்லா பாத்துக்கிட்டீங்க சார்."

அந்தப் பாராட்டை கஜபதியால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றுகொண்டார்.

"இல்ல டாக்டர். மூணு நாள் கொதிக்கிற பால்ல போட்டோம். நாலைத் தண்ணியில கரைச்சோம். ஊருக்கே தானம் பண்ணோம். மிச்சம் இருந்தது கரண்ட் இல்லாம செத்துப்போச்சு. நீங்க நம்பிக் குடுத்த உயிரை எல்லாம் நான் கொன்னுட்டேன்." அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

டாக்டர் பக்கத்து மேஜையைப் பார்த்தார். அங்கே நர்ஸ் ஞானம்மாள் அப்போதுதான் அரக்கு முத்திரை வைத்த உறையைப் பிரித்து, உள்ளே இருந்த பட்டியலில் தாட்சாயிணியின் எண்ணுக்கு நேராக விரலை வைத்தாள்.

"கண்ணைத் தொடைங்க சார். நீங்க ஒண்ணையும் கொல்லல," என்றாள். "ஒப்பிட்டுப் பாக்குறதுக்காக, பாதிப் பிள்ளைங்களுக்குத்தான் கிருமி, உங்களுக்கு வந்த அறுபதும் வெறும் சோள மாவு."