தைராய்டு மாத்திரையும் எங்கள் வீட்டு மகானும்

ஆதிஜெகந்நாதப் பெருமாள் துணை

திருப்புல்லாணி,
ஆடி மாதம், ஏகாதசி.

திருப்பூரில் இருக்கும் அன்புத் தம்பி அருள்முருகனுக்கு உன் அக்கா பூங்கோதை ஆசீர்வதித்து எழுதுவது. பெருமாள் கிருபையால் நீயும் கவிப்ரியாவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் மச்சானும் நானும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் எழுத ஒரு தாள் போதாது என்பதால் வீட்டுக் கணக்கு நோட்டிலிருந்தே தாள் கிழித்து எழுதுகிறேன். நான் கணக்கு நோட்டில் தாள் கிழிக்கிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும், அதிலிருந்தே என் நிலைமையைப் புரிந்துகொள். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். உன் மச்சானுக்குக் காது பழையபடி ஆகிவிட்டது. கொல்லையில் நின்று கிசுகிசுத்தாலும் வாசலிலிருந்து "எவன்கிட்டடி பேசுற?" என்று கேட்கிறார்கள். அதனால்தான் தபால்.

பங்குனித் தேருக்கு வந்தவன் தேரைப் பார்த்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாம். மச்சான் முகம் ஏன் இப்படி ஊதியிருக்கு, இந்த வெக்கையில் எதற்குப் போர்வை என்று கேட்டு, ராமநாதபுரத்துக்கு அழைத்துப்போய் ரத்தம் கொடுக்க வைத்தாய். நல்லதை நினைத்துத்தான் செய்தாய். ஆனால் அந்த ஒரு குழாய் ரத்தத்தோடு என் வீட்டில் இருந்த சாமியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாய் என்பதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்.

உன் மச்சானின் கோபத்தைப் பற்றி உனக்கு நான் எழுதத் தேவையில்லை. நம் அய்யா செத்த வீட்டில், பந்தலில் நாற்காலி கோணலாகப் போட்டிருக்கிறது என்று பந்தல்காரனை அடிக்கப் போனவர்கள். பஸ் கண்டக்டர் வேலையில் இருந்தவரை அந்தச் சத்தத்தில் பாதியை ஏர்வாடி ரோட்டில் இறக்கிவைத்துவிட்டு வருவார்கள், மீதிதான் எனக்கு. ரிடையர் ஆன பிறகு முழுச் சரக்கும் வீட்டுக்கே வந்தது. மகள் சிநேகாவையும் கட்டிக்கொடுத்து அனுப்பியாச்சா, கேட்க நான் ஒருத்திதான். அப்புறம் ஒரு மாதிரியாகக் குறைய ஆரம்பித்தது. முதலில் குழம்பில் உப்பு இல்லை என்று சொல்வது நின்றது. பிறகு பேப்பர்காரனை வைவது நின்றது. பிறகு பேப்பரே நின்றது. விடிந்தால் நாற்காலியில் உட்கார்ந்து போர்வையைப் போர்த்திக்கொண்டு எதிரில் இருக்கிற வேப்பமரத்தைப் பார்ப்பார்கள், பொழுது சாய்ந்தாலும் அதே மரம்தான். முகம் பளபளவென்று உப்பி வந்தது. குரல் கனத்து, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நான் உலையில் அரிசி போட்டுவிட்டு வரலாம் போல ஆயிற்று. நீ என்ன நினைப்பாய்? நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நான் வருஷக்கணக்காக அதிகாலையில் குளித்துப் பாசுரம் சொன்னதுக்குப் பெருமாள் கண் திறந்து, என் வீட்டுக்காரருக்கு ஞானத்தைக் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன்.

நான் மட்டுமில்லடா, ஊரே நினைச்சுச்சு. முதல்ல எதுத்த வீட்டு பூமயில்தான் வந்தா. மகனுக்குப் பொண்ணு அமையுமான்னு கேட்டா. உன் மச்சான் கண்ண மூடிக்கிட்டாக. தூங்கிட்டாகன்னு இப்பத்தான தெரியுது, அன்னைக்கு அது தியானம். அவ விழுந்து கும்புட்டுப் போனா, அந்த ஆவணியிலயே பையனுக்குக் கல்யாணம். அப்புறம் ஆர்.எஸ்.மங்கலத்துல இருந்து மூக்கையான்னு ஒருத்தர் வந்தாரு. டிராக்டர் யாருக்குன்னு அண்ணன் தம்பிக்குள்ள தகராறு, வித்துரலாமா வச்சுக்கிறலாமான்னு கேட்டு உக்காந்திருந்தாரு. வெகுநேரம் கழிச்சு உன் மச்சான் வாயத் திறந்து, "வித்தா என்ன, விக்காட்டா என்ன"ன்னாக. அந்த மனுசன் அப்படியே அழுதுட்டாரு. நேரா ஊருக்குப் போயி அண்ணன் கால்ல விழுந்துட்டாராம். பகவான் சொல்ற மாதிரியில்ல சொன்னாகன்னு நானும் முந்தானையில கண்ணத் தொடச்சேன். அதுக்கப்புறம் செவ்வாய், வெள்ளின்னா வாசல்ல செருப்பு நிறைஞ்சு போகும். வந்த பழத்தையும் பூவையும் தனியா எழுதி வச்சு கோயிலுக்கே அனுப்புனேன், ஒரு வாழைப்பழத்தக்கூட வீட்டு வரவுல சேக்கல. தெய்வ விசயத்துல நான் கணக்குத் தப்ப மாட்டேன்.

ஆனா ஊர் வந்து கும்புட்டது எனக்குப் பெரிசு இல்ல தம்பி. ஒண்ணு சொல்றேன், கவிப்ரியாகிட்டகூடச் சொல்லாத. கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் ஒரு பேச்ச ஆரம்பிச்சு முழுசா முடிச்சது அந்த ஒண்ணரை வருசத்துலதான். சாயங்காலம் விளக்கேத்திட்டு அவுக பக்கத்துல உக்காந்தேன்னா, எல்லாத்தையும் சொல்லுவேன். சிநேகாவுக்கு முன்னாடி ஒண்ணு வயித்துலயே கலைஞ்சு போச்சே, அன்னைக்கு எனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொன்னேன். அவுக அம்மா என்னையப் பேசுன பேச்சச் சொன்னேன். எனக்கு ராமேஸ்வரம் போற ரயில்ல பாம்பன் பாலத்து மேல ஒரு தடவ ஜன்னல் ஓரமா உக்காரணும்னு ஆசைன்னுகூடச் சொன்னேன். 'வாய மூடு'ங்கல. எந்திரிச்சுப் போகல. மரத்தப் பாத்துக்கிட்டே "ம்"ன்னாக. எனக்கு அந்த "ம்" போதும்னு இருந்துச்சு.

அதுலதான் நீ வந்த. ராமநாதபுரத்து டாக்டரம்மா ரிப்போர்ட்டப் பாத்துட்டு, கழுத்துல ஒரு சுரப்பி இருக்கு, அது வேலைநிறுத்தம் பண்ணிருச்சுன்னு சொன்னாக. அதுல இருந்து ஹார்மோன்னு ஒண்ணு ரத்தத்துல போகணுமாம், அது குறைஞ்சா ஆசை இருக்காது, கோபம் இருக்காது, குளிரும், தூக்கம் வரும், முகம் வீங்கும், பேச்சு இழுக்கும். அவுக ஒண்ணொண்ணாச் சொல்லச் சொல்ல நான் விரல் விட்டு எண்ணிக்கிட்டே வந்தேன். நான் ஞானத்துக்கு அடையாளம்னு எதையெல்லாம் வச்சிருந்தேனோ அத்தனையையும் நோட்டப் பாத்து வாசிச்ச மாதிரி வாசிச்சிட்டாக. புருவம் கொட்டியிருந்ததக்கூட விடல. "அம்மா, அப்ப பக்திக்கும் இப்படி ஒரு சுரப்பி இருக்கா, எனக்கும் பாத்துச் சொல்லுங்க"ன்னேன். "அதுக்கு எங்க லேப்ல குழாய் இல்லம்மா"ன்னு சிரிச்சாக. அப்புறம் சிரிப்ப நிறுத்திட்டு, "மாத்திரைய மட்டும் விட்டுறாதீக, விட்டா நெஞ்சு துடிப்பு குறைஞ்சு ஒரு நாளைக்குத் தூக்கத்துலயே போயிருவாரு"ன்னாக. நீயும் பக்கத்துலதான நின்ன.

காலையில வெறும் வயித்துல மாத்திரை. நம்ம வீட்டுல பெருமாளுக்கு வைக்காம ஒண்ணும் வாயில போகாது. அதனால விடியமுன்ன மாத்திரைய ஒரு துளசி இலையில வச்சு சாமிக்குக் காட்டிட்டுத்தான் குடுக்கிறேன். பெருமாளுக்கே தைராய்டு மாத்திரைய நைவேத்தியம் வச்ச பாவி இந்த ஊர்ல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். ரெண்டு வாரத்துக்கு ஒண்ணும் தெரியல. அப்புறம் ஒரு நாள் போர்வைய மடிச்சு வச்சாக. முகம் வத்துச்சு. ஒரு நாள் மத்தியானம் சோத்துல கைய வச்சுக்கிட்டு, "என்னடி இது, கழனித்தண்ணி மாதிரி"ன்னாக. நான் சந்தோசப்படுறதா அழுகுறதான்னு தெரியாம கரண்டியோட நின்னேன். அந்த வெள்ளிக்கிழமை மூக்கையா கல்கண்டுத் தட்டோட குடும்பத்தக் கூட்டிக்கிட்டு வந்துட்டாரு, டிராக்டர அண்ணனுக்கே விட்டுக் குடுத்துட்டேன் சாமி, ஆசீர்வாதம் பண்ணுங்கன்னு. உன் மச்சான் எந்திரிச்சு நின்னு, "டிராக்டர விட்டுட்டு எதவச்சுய்யா உழுவ? என்கிட்ட எதுக்கு வந்து கேட்ட, நான் என்ன புரோக்கரா? சாமியாம் சாமி, இறங்குய்யா முதல்ல"ன்னு, பஸ்ஸுல இருந்து ஆள இறக்குற மாதிரியே வாசப்படியில இறக்கிவிட்டாக. பூமயில் குறுக்க வந்து, "மகான் சோதிக்கிறாக"ன்னா. அவளுக்கும் வசவு விழுந்துச்சு. இப்ப செருப்பெல்லாம் வேற எங்கயோ போயிருச்சு. நான் வாசலக் கூட்டும்போது எதுத்தாப்புல பொம்பளைக என்னையப் பாத்துப் பேச்ச நிறுத்துறாக. மாத்திரை குடுத்து மகானக் கெடுத்தவன்னு பேராம்.

சாயங்காலம் விளக்கேத்திட்டுப் பழக்கத்துல பக்கத்துல போயி உக்காந்தேன். "இன்னைக்குக் கோயில்ல..."ன்னு ஆரம்பிச்சேன். "கோயில்ல என்ன, பொங்கல்ல கல்லா?"ன்னாக. அதோட முடிஞ்சுச்சு என் பேச்சு.

ஏலே தம்பி, நான் அஞ்சாப்புக்கு மேல படிக்கல. பொட்டலத் தாளுல வாசிச்சுப் பழகுனவ. ஆனா இது எனக்குப் புரிய மாட்டேங்குது. கோபம் மாத்திரையால, சாந்தம் சீக்காலன்னா, நடுவுல நான் கழுத்த நீட்டுன மனுசன் எங்கன இருக்காரு? நான் விடியக்காலையில குளிச்சிட்டு நிக்கிறப்ப உடம்பு சிலிர்க்குதே, அது பெருமாளா, இல்ல எனக்கும் ஏதாச்சும் சுரப்பி கூடிக்கிடக்கா? அந்த ஒண்ணரை வருசம் என்கிட்ட அன்பா இருந்தது யாரு? நீ படிச்சவன், உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், ஆமா இல்லன்னு மட்டும் எழுது. மாத்திரைய நிறுத்தச் சொல்லல. நிறுத்துனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும், தாலி கழுத்துல கெடக்குறவ நான். பாதி குடுத்தா என்ன? பாதிக் கோபத்துக்கு நான் ஒத்துக்கிறேன். பாதி "ம்" எனக்குக் கிடைச்சாப் போதும். இன்னைக்குக் காலையில முழுசக் குடுத்துட்டேன். நாளைக்குள்ளத பாக்குவெட்டியால ரெண்டாக்கி சாமி முன்னாடி வச்சிருக்கேன். இப்ப ஒரு பாதிய மட்டும் குடுக்கவும் மனசு வரல, ரெண்டையும் குடுக்கவும் மனசு வரல.

கவிப்ரியாவுக்கு என் அன்பையும் பிள்ளைகளுக்கு முத்தங்களையும் கொடு. பெருமாள் உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளும், கழுத்தில் இருக்கிற எல்லாச் சுரப்பிகளும் அளவோடு வேலை செய்கிற பாக்கியமும் அருளட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
பூங்கோதை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் மச்சான் கற்பூரம் எடுக்க சாமி மாடத்துக்குப் போயி, வெட்டுன மாத்திரையப் பாத்துட்டாக. என்னடி இதுன்னு கேட்டாக. ஏகாதசி அன்னைக்குப் பொய் சொல்ல முடியாம எல்லாத்தையும் சொல்லிட்டேன். தெருவே கேக்குற மாதிரி கத்துவாகன்னு நின்னேன். கத்தல. கீழ உக்காந்துட்டாக.

"சாந்தமா இருந்தேன்னாடி நினைச்ச?"ன்னாக. "ஒவ்வொரு அமாவாசைக்கும் சேதுக்கரைக்குக் கூட்டிட்டுப் போயி என்னையக் கடலுக்கு முன்னாடி உக்கார வச்சிட்டு நீ குளிக்கப் போவியே, அப்பெல்லாம் அப்படியே உள்ள இறங்கிப் போயிருவமான்னுதான் பாத்துக்கிட்டு இருப்பேன். எந்திரிக்கணும், மணல்ல அம்புட்டுத் தூரம் நடக்கணும். அதுக்குச் சோம்பேறித்தனப்பட்டுத்தான் உக்காந்திருந்தேன். நீ பேசுனது ஒண்ணும் என் காதுல விழுகல பூங்கோத. வாய் அசையிறது தெரியும். ம்னு சொன்னா நீ எந்திரிச்சுப் போயிருவன்னு சொல்லுவேன்."

ரெண்டு பாதியையும் ஒண்ணா துளசி இலையில வச்சுட்டேன், விடிஞ்சதும் குடுத்துருவேன். நீ பதில் எழுத வேண்டாம். கிழிச்ச தாள் வீணாப் போகக் கூடாதுன்னுதான் இத அனுப்புறேன். இப்ப அவுக கொல்லையில நின்னு, குழாய்ல தண்ணி வரலன்னு பஞ்சாயத்துக்காரவுகள வஞ்சுக்கிட்டு இருக்காக. நடுவுல சத்தம் கொஞ்சம் நின்னாலும் எனக்குத் திக்குங்குது. இந்தப் பின்குறிப்ப எழுதி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு தடவ எந்திரிச்சுப் போயிப் பாத்துட்டு வந்துட்டேன்.