ஹோல்டான் அக்காவும் ஈரத் தீப்பெட்டியும்

டில்லியிலிருந்து வரும் பெரிய அதிகாரி முதல் குவார்ட்டர்ஸ் வாசலில் செம்பருத்தி மேய வரும் மாடு வரைக்கும், எதிரே வந்த எல்லாரையும் ஒரே வார்த்தையில் நிறுத்தி வைக்கக்கூடிய மனுஷி இந்த உலகத்தில் ஒருவர்தான் பிறந்தார். அவர் நெய்வேலி டவுன்ஷிப் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அந்த வார்த்தை, "ஹோல்டான்!"

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் ஹோல்டான் அக்கா. வருஷக்கணக்காகப் போர்டில் உட்கார்ந்து, லைன் கேட்டவர்களைக் காத்திருக்கச் சொல்லி 'ஹோல்ட் ஆன்' என்று சொல்லிச் சொல்லி அது நாக்கில் குடியேறிவிட்டது. பஸ் கிளம்பினால் டிரைவரைப் பார்த்து ஹோல்டான். பால் பொங்கினால் அடுப்பைப் பார்த்து ஹோல்டான். ஒரு தடவை பிள்ளையார் கோயிலில் குருக்கள் கற்பூரத் தட்டை நீட்ட, கைப்பைக்குள் சில்லறை துழாவிக்கொண்டே, "ஹோல்டான் சாமி" என்றார். குருக்கள் அப்படியே நின்றார். உள்ளே இருந்தவரும் நின்றிருப்பார் என்பது எங்கள் செக்‌ஷனின் ஒருமனதான கருத்து.

இப்படிப்பட்டவருக்கு ஒரு ராக் பாட்டுக் குழுவின் மேல் பைத்தியம் என்றால் யார் நம்புவார்கள்?

குழுவின் பெயர் தகரக் கொட்டகை. தொண்ணூறுகளில், சென்னையில் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்த நாலு பையன்கள் கிடாரும் டிரம்ஸுமாகத் தமிழில் கத்துவோம் என்று ஆரம்பித்தது. ஒரே ஒரு கேசட் போட்டார்கள். அதற்கு "ஈரத் தீப்பெட்டி" என்று பெயர் வைத்தார்கள். பெயருக்கு ஏற்றபடி அது கடைசிவரை பற்றவே இல்லை.

அக்கா அதைத் தேடிப் போய் வாங்கவில்லை. ஆடிக் கிருத்திகைக்குப் போடலாம் என்று குள்ளஞ்சாவடி கடைத்தெருவில் ஒரு முருகன் பாட்டு கேசட் வாங்கினார். அட்டையில் வேலும் மயிலும். கிருத்திகையன்று விடிகாலையில் குளித்து, விளக்கேற்றி, பிளாக் முழுக்கப் புண்ணியம் சேரட்டும் என்று சத்தத்தை முழுசாகத் திருப்பிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். டிரம்ஸ் இடித்தது. கிடார் கதறியது. நைட் ஷிப்ட் முடித்துப் படுத்திருந்த அவர் கணவர் கட்டிலிலிருந்து குதித்து ஹெல்மெட்டைத் தேடினார். எதிர் குவார்ட்டர்ஸ்காரர் டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டது என்று நினைத்து, மின்சாரப் பிரிவுக்குப் போன் செய்ய ஓடினார். இரண்டு கேசட்டும் ஒரே கம்பெனி தயாரிப்பு. டப்பாவுக்குள் மாறிப் போய்விட்டது.

"கடைக்காரன்கிட்ட சண்டை போடணும்னா உள்ள என்ன இருக்குதுன்னு தெரியணுமா இல்லியா தம்பி? அதுக்காவ இன்னொரு வாட்டி கேட்டேன்" என்று பிறகு என்னிடம் சொன்னார். "இன்னொரு வாட்டி கேட்டா, ரெண்டாவது பாட்டு பரவால்லன்னு தோணுச்சு. அப்புறம் கேட்டுகினே இருந்துட்டேன். கடைக்கே போவல."

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. டேப் ரெக்கார்டரை ஆபீசுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். யாரையாவது லைனில் காத்திருக்க வைத்தால், ரிசீவரை டேப் ரெக்கார்டர் பக்கம் திருப்பி வைப்பார். "சும்மா நிக்கறவங்களுக்குக் காது சும்மாதான இருக்கு" என்பது அவர் வாதம். ஒரு நாள் சுரங்கத்து அதிகாரி ஒருவர் தனக்குக் கீழே வேலை பார்ப்பவரிடம் பேச லைன் கேட்டார். அக்கா ஹோல்டான் சொல்லி டிரம்ஸ் பக்கம் திருப்பினார். அரை நிமிஷம் கேட்ட அதிகாரிக்கு வியர்த்துவிட்டது. கன்வேயர் பெல்ட்டின் உருளை கழன்று உருளுகிற சத்தம் என்றே முடிவு கட்டி, ஜீப்பில் நாலு பேரை ஏற்றி அனுப்பினார். போனவர்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று கிரீஸ் தடவிவிட்டுத் திரும்பினார்கள்.

அக்காவுக்கு மெமோ வரவில்லை. அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒருவன் நான். எனக்குப் பக்கத்து நாற்காலி பயம்.

காலம் மாறியது. எக்ஸ்சேஞ்சில் எல்லாம் தானாக இயங்கும் இயந்திரம் வந்தது. அக்கா, நம்பர் கேட்பவர்களுக்குச் சொல்லும் விசாரணை மேஜைக்கு மாறினார். கேசட் என்ற பொருளையே ஊர் மறந்தது. அக்காவின் டேப் ரெக்கார்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாயிரத்துப் பத்துகளில் ஒரு காலையில் அது ஈரத் தீப்பெட்டியை மென்று தின்றுவிட்டது. பழுப்பு நாடாவைக் கோழிக் குடல் மாதிரி கையில் பிடித்துக்கொண்டு அக்கா என் வீட்டு வாசலில் நின்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"உன் கம்ப்யூட்டர்ல தேடிக் குடு தம்பி. உலகமே அதுல இருக்குன்றியே."

தேடினேன். உலகம் இருந்தது. தகரக் கொட்டகை இல்லை. ஒரு பாட்டு இல்லை, ஒரு போட்டோ இல்லை. எங்கோ ஒரு மூலையில், டொரண்டோவில் இருக்கும் தமிழ்ப் பல் டாக்டர் ஒருவர் மட்டும், "ஈரத் தீப்பெட்டி யாரிடமாவது இருக்கிறதா? என் கேசட் தொலைந்துவிட்டது" என்று கேட்டிருந்தார். அதற்கு யாரும் பதில் போடவில்லை.

"பாவம், எத்தினி நாளா லைன்ல நிக்கறாரோ" என்றார் அக்கா. அன்றைக்கே அவருக்கு முகநூலில் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தேன். "ஈரத் தீப்பெட்டி மறுபடி வேணும்" என்று ஒரு பக்கமும் திறந்தோம். உறுப்பினர்கள் அக்கா, பல் டாக்டர், வேறு வழியில்லாமல் நான்.

வெளிநாட்டில் பழைய ஆல்பங்களை அழகான பெட்டியில், கூடுதல் பாட்டு, படங்கள், புத்தகம் எல்லாம் சேர்த்து டீலக்ஸ் பதிப்பாகத் திரும்ப வெளியிடுவார்கள் என்று டாக்டர் சொன்னார். அக்காவுக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது.

"பஸ்ஸுலயே டீலக்ஸ்னா தனி மரியாதை. நம்ம பசங்களுக்கு மட்டும் சாதா வண்டியா? டீலக்ஸேதான் கேக்கணும்."

அதற்குப் பிறகு அவர் செய்த பிரசாரம் இருக்கிறதே! சமையல் வீடியோவுக்குக் கீழே போய், "வத்தக்குழம்பு அருமை. ஈரத் தீப்பெட்டி டீலக்ஸா வரணும்னு நீங்களும் சொல்லுங்க" என்று எழுதினார். கல்யாணப் படத்துக்குக் கீழே, "பதினாறும் பெற்று வாழ்க. அப்படியே ஈரத் தீப்பெட்டி..." ஒரு இரங்கல் செய்திக்குக் கீழேயும் எழுதப் போனபோது, நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அக்கா, செத்த வீடு!"

"வந்திருக்கறவங்க உசுரோடதான தம்பி இருக்காங்க?"

இத்தனை பேரைத் தொந்தரவு செய்தால் முகநூல்காரர்கள் விடுவார்களா? ஒரு வாரம் அவர் எதுவும் எழுத முடியாதபடி கணக்கை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அக்கா அதை டவுன்ஷிப் முறைப்படி புரிந்துகொண்டார். "சஸ்பெண்ட் பண்ணிட்டானுங்க தம்பி. என்கொயரி எப்போ? யூனியன்ல சொல்லலாமா?" என்று கேட்டுவிட்டு, "என் மேல் கூறப்பட்ட குற்றச்சாட்டை முற்றிலும் மறுக்கிறேன்" என்று ஆரம்பித்து முழு நீள விளக்கம் ஒன்றும் எழுதி என்னிடம் கொடுத்தார். யாருக்கு அனுப்புவது என்றுதான் எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

ஆனால் தொந்தரவு பலித்தது. யார் இந்த அம்மா என்று பார்க்க வந்தவர்களில் சிலர், "அட, இந்தக் கேசட் எங்கள் ஹாஸ்டலில் இருந்ததே" என்றார்கள். துபாயில் ஒருவர், சேலத்தில் ஒருவர் என்று பழைய ரசிகர்கள் ஒவ்வொருவராகத் தலையை நீட்டினார்கள். எல்லாரும் தங்கள் முகத்தை எடுத்துவிட்டு ஒரு தீப்பெட்டிப் படத்தை வைத்தார்கள். கேசட் கம்பெனி இப்போது பக்திப் பாட்டு வீடியோ மட்டுமே வெளியிட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் எந்தச் சாமிக்குப் பாட்டுப் போட்டாலும் கீழே வரிசையாகத் தீப்பெட்டிகள் வந்து நின்று, "எங்கே எங்கள் டீலக்ஸ்?" என்று கேட்டன.

கடைசியில் கம்பெனி மேனேஜர் அக்காவுக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அம்மனுக்குப் பாட்டு போட்டாலும் தீப்பெட்டி, ஐயப்பனுக்குப் போட்டாலும் தீப்பெட்டி. விட்டுடுங்கம்மா. நாங்க குடோனையே காலி பண்றோம். பாட்டுங்களை முதல்ல பதிவு பண்ண பழைய மாஸ்டர் டேப்பெல்லாம் நாளைக்கு எடைக்குப் போகுது."

அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

"ஹோல்டான்!"

அந்த ஹோல்டானில் சேலை பறந்தது என்று சொன்னால் மிகை. ஆனால் மின்விசிறி ஒரு சுற்று தயங்கியதை நான் பார்த்தேன். மறுநாள் முதல் பஸ்ஸில் அக்கா, துணைக்கு அவர் கணவர், நான் மூவரும் சென்னைக்குப் போனோம். குடோன் வாசலில் பழைய பொருள் வாங்குகிறவரின் வண்டி பாதி நிரம்பிய நிலையில் நின்றிருந்தது. மேனேஜர் ஒரு சாக்கு மூட்டைக்குப் பக்கத்தில் காவல் நின்றார்.

"ஏன் நிறுத்தி வெச்சேன்னு எனக்கே தெரியலைங்க. அந்தம்மா சொன்ன தோரணைல கை கால் ஓடல" என்று என்னிடம் கிசுகிசுத்தார். மூட்டைக்குள் ஈரத் தீப்பெட்டியின் மாஸ்டர் டேப் பத்திரமாக இருந்தது. அதோடு கேசட்டில் வராத மூன்று பாட்டுகள் உள்ள இன்னொரு சுருளும் இருந்தது. அக்கா அதைக் குழந்தையை வாங்குவது போல் இரண்டு கையாலும் வாங்கினார்.

மேனேஜர் மனம் இளகி, டீலக்ஸ் போடலாம் என்று ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு சிக்கல். பாட்டுகளின் உரிமை பாடகர், கிடார்காரர் இருவர் பேரிலும் இருந்ததால், இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும். அந்த இரண்டு பேரும் கேசட் வந்த மாசத்திலிருந்து பேசிக்கொள்வதில்லை. பாடகர் சென்னையில் சோலார் பேனல் விற்றார். கிடார்காரர் கோயம்புத்தூரில் பேக்கரி நடத்தினார். சண்டை எதற்காம்? கேசட்டின் முதல் பக்கத்தில் எந்தப் பாட்டு முதலில் வருவது என்பதற்காக.

அக்கா இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பேசினார். இரண்டு பேரும் கையெழுத்துப் போடத் தயார். "ஆனா அவன் முதல்ல எனக்குப் போன் பண்ணணும்" என்றார் பாடகர். "அவன்தான் முதல்ல பண்ணணும்" என்றார் கிடார்காரர். முகநூலில் ரசிகர்கள் கெஞ்சினார்கள், கண்ணீர் விட்டார்கள், கேக் வாங்குகிற மாதிரி பேக்கரிக்கே போய்ப் பார்த்தார்கள். கேக் கிடைத்தது. வேறொன்றும் நடக்கவில்லை. கம்பெனி பொறுமை இழந்துகொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"ரெண்டு பேருக்கும் ரிங் போவணும். ஆனா ரெண்டு பேருமே போன் பண்ணலை. அவ்ளோதான? நான் பாத்துக்கறேன். உன் மொபைலக் குடு."

"அக்கா, அதுலயே கான்பரன்ஸ் வசதி இருக்கு."

"கண்ணால பாத்து கனெக்‌ஷன் குடுத்தாதான் தம்பி எனக்கு நம்பிக்கை."

வீட்டு லேண்ட்லைனில் பாடகரையும் என் மொபைலில் கிடார்காரரையும் ஒரே சமயத்தில் கூப்பிட்டார். இரண்டு மணியும் அடிக்கத் தொடங்கியதும் மொபைலை ஸ்பீக்கரில் போட்டு, ரிசீவரைத் தலைகீழாக அதன் மேல் வைத்து, ஒன்றின் வாய் மற்றதன் காதில் படும்படி சடை ரிப்பனால் இறுக்கிக் கட்டினார். நானும் அவர் கணவரும் மூச்சுவிடாமல் குனிந்து கேட்டோம்.

"ஹலோ?"

"ஹலோ... யாரு?"

"போன் பண்ணிட்டு யாருன்னு கேக்கறே? நீ யாரு?"

"நான் எங்க பண்ணேன்? எனக்குத்தான் ரிங் வந்துது."

பழைய குரல் இரண்டு பேருக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"டேய்... நீயாடா?"

"நீயாடா பண்ணே?"

"நீதானடா பண்ணே!"

ஒரு முனையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. இரண்டில் ஒருவர் வைத்துவிடப் போகிறார் என்று நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா குனிந்து, இரண்டு கருவிக்கும் நடுவில் வாயை வைத்து, கணீரென்று சொன்னார்.

"ரெண்டு பேரும் ஹோல்டான்!"

வைக்கவில்லை. இருவருமே வைக்கவில்லை. பாடகர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "முதல் பாட்டு உன்னோடதையே போட்டிருக்கலாம்டா. அதுதான் நல்லா இருந்துச்சு" என்றார். எதிர்முனையிலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் வந்தது. அக்கா எங்கள் இருவரையும் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். "அதுக்கு மேல நாம கேக்கக் கூடாது. எக்ஸ்சேஞ்சுல எனக்கு அது மொத பாடம்" என்றார். உள்ளே டீ போட்டுக் குடித்து, வெங்காயம் நறுக்கி, சாம்பார் கொதித்து இறங்கும் வரைக்கும் ரிப்பன் கட்டு பேசிக்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு தடவை சிரிப்புச் சத்தம் கேட்டது. அக்காவின் கணவர் என்னிடம், "இந்தத் தீப்பெட்டி வந்ததிலேருந்து இன்னிக்குத்தான் தம்பி எங்க வூட்ல நேரத்துக்குச் சோறு" என்றார்.

டீலக்ஸ் வந்தது. தீப்பெட்டி மாதிரியே இழுத்துத் திறக்கிற பெட்டி, இரண்டு குறுந்தகடு, படப் புத்தகம். வெளியீட்டு விழாவைச் சென்னையில் பெரிய ஹாலில் வைக்கலாம் என்றது கம்பெனி. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. நெய்வேலியில்தான் என்று பிடிவாதம் பிடித்துச் சாதித்தார். கூட்டம் வருமா என்று மேனேஜருக்குக் கவலை. அக்கா பிளாக் பிளாக்காகப் போன் செய்தார். எக்ஸ்சேஞ்ச் அம்மாவே கூப்பிடுகிறார் என்றதும், பாதிப் பேர் அதை நிர்வாகத்தின் உத்தரவு என்று எடுத்துக்கொண்டார்கள். "கட்டாயம் வரணுங்களா மேடம்?" என்று கேட்டவர்களுக்கு அக்கா ஹோல்டான் என்று மட்டும் சொன்னார். ஷிப்ட் முடிந்தவர்கள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். கம்மாபுரத்திலிருந்து அக்காவின் சொந்தக்காரர்கள் வேன் வைத்து வந்தார்கள். சேலத்துக்காரர், துபாய்க்காரர் எல்லாரும் தீப்பெட்டிப் படம் போட்ட சட்டையில் வந்தார்கள். டொரண்டோ டாக்டர் விமானம் பிடித்து வந்து இறங்கி, முதல் காரியமாக அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அரங்கம் போதாமல் ஜனம் வெளியே புல்தரையில் நின்றது.

தொப்பை விழுந்து, தலை நரைத்த நாலு பேர் மேடை ஏறினார்கள். முதல் அடி அடித்ததுமே அரங்கம் எழுந்துவிட்டது. உத்தரவுக்குப் பயந்து வந்தவர்கள்கூட விசில் அடித்தார்கள். பாடகர் மைக்கில் அக்காவை மேடைக்கு அழைத்தார். அக்கா முன்வரிசையிலிருந்து அசையவில்லை.

"நான் எதுக்கு மேல வரணும்? எனக்கு இங்கதான் நல்லாக் கேக்குது. நீங்க பாடுங்க!"

பாடினார்கள். ஒரு மணி நேரம் கழித்தும் ஜனம் விடவில்லை. மறுபடி முதல் பாட்டிலிருந்து பாடினார்கள். அக்கா கைதட்டவில்லை, தலையாட்டவில்லை. கையை மடியில் கோத்து வைத்துக்கொண்டு, முகமெல்லாம் பூரித்து உட்கார்ந்திருந்தார். கல்யாண மண்டபத்தில் பெண்ணின் அம்மா அப்படி உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

அக்கா ரிட்டயர் ஆகி இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். நானும் ஊர் மாறிவிட்டேன். மாசத்தில் ஒரு நாள் போன் செய்து, "தம்பி, தீப்பெட்டி கேக்கறியா?" என்பார். கேட்கிறேன் அக்கா என்பேன். இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அவரிடம் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். எனக்கு அந்தப் பாட்டு அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. அந்த டிரம்ஸ் தொடங்கினாலே தலை வலிக்கும். ஆனால் அக்கா போனை வைத்ததும், தைலத்தைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு குறுந்தகட்டையும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். அவரிடம் பொய் சொல்ல எனக்கு மனசு வருவதில்லை.